வத்சலா மேடம் வேனில் கடைசி சீட்

மேடம் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு டீ நேரத்தில்தான் தெரிந்தது. எங்கள் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும். பத்தரை மணிக்கு வந்து திறந்து பார்த்தால், எங்கள் ரசனை வட்டத்தின் வாட்ஸ்அப் குழு முழுக்கக் கும்பிட்ட கைகள். மேலே தள்ளிக்கொண்டே போய்த்தான் யாருக்காகக் கும்பிடுகிறார்கள் என்று கண்டுபிடித்தேன். நானும் ஒரு கும்பிடு போட்டேன். அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சுமதி அக்கா கூப்பிட்டார். எங்கள் கம்பெனி அலுவலகத்தில் இருப்பவர், என்னை வட்டத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

"மஞ்சு, மேடத்துக்கு நினைவு மலர் போடுறோம். நீயும் ஒண்ணு எழுதிக் குடு. ஓசூருக்கே கண்ணத் தொறந்து வெச்சவங்க, அந்த மாதிரி எழுது."

"எனக்குத்தான் அவங்களப் புடிக்காதேக்கா."

"செத்தவங்களப் பத்தி இப்படியா பேசுவாங்க? நல்லதா நாலு வார்த்த எழுதுடி."

நல்லதாக நாலு வார்த்தை எழுத உங்களில் பதினாறு பேர் இருக்கிறீர்கள். நான் நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் சுமதி அக்கா பாடு.

மேடம் பெங்களூரில் வளர்ந்தவர். கணவருக்கு இங்கே ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகம் கிடைத்ததால் ஓசூருக்கு வந்தார். முப்பது வருஷம் இங்கேயே இருந்தும் ஒரு நாள்கூட இந்த ஊரை அவர் மன்னித்தது கிடையாது. "ஓசூருக்கு வயிறு இருக்கு, கண்ணு இல்ல" என்பார். கண் வைக்கத்தான் ரசனை வட்டத்தை ஆரம்பித்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு வேன் கிளம்பும். பெங்களூரில் காலையில் புத்தகக் கடை, அப்புறம் ஓவியக் கண்காட்சி, சாப்பிட்டதும் கடைத்தெரு, சாயங்காலம் கச்சேரி. பார்த்ததைப் பற்றி ஒரு மாதப் பத்திரிகையில் மேடம் எழுதுவார். அந்தப் பக்கத்தை ஓசூரில் பல வீடுகளில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஓசூரைத் தாண்டிப் பேரிகைப் பக்கம். எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். கம்பெனி வேலைக்கு வந்தது நான்தான் முதலில். உதிரிபாகங்களைக் கையில் எடுத்து, பிசிறு இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. வேனில் ஒரு சீட் காலியாக இருக்கிறது என்று சுமதி அக்கா சொன்னபோது ஓடிப்போய் ஏறினேன். பெங்களூருக்கு நானே பஸ் பிடித்துப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போய்ப் பார்த்தேன். கண்காட்சி வாசலில் செக்யூரிட்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேலைக்கு வந்தவர்கள் பின்பக்க வழியாகப் போக வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னார். மேடத்தோடு போனால் அதே ஆள் சல்யூட் அடிப்பார். அந்த சல்யூட்டுக்காகத்தான் இத்தனை வருஷம் அவரைப் பொறுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மாநில எல்லையில், அத்திப்பள்ளியில் வண்டிகள் நகராது. லாரியும் கம்பெனி பஸ்ஸும் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தை மேடம் வீணாக்க மாட்டார். வேன் நின்றதும் முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து, "சரி, அபிப்பிராயம்" என்பார். ஒவ்வொருவராக அன்று பார்த்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன் சீட்டில் ஆரம்பித்துப் பின்னால் வரும். அதிகாரிகள் வீட்டுப் பெண்கள், அப்புறம் டீச்சர்கள், அப்புறம் அலுவலகத்தில் இருப்பவர்கள். கடைசி சீட்டில் நான். என் முறை வருவதற்குள் வேன் டோல்கேட்டைத் தாண்டிவிடும். மேடம் முன்பக்கம் திரும்பிக்கொள்வார், அதோடு அபிப்பிராயம் முடிந்தது. மூன்று வருஷம் நான் வாயைத் திறந்ததே இல்லை. யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு மட்டும் என் முறை வந்தது. "முன்னாடி லாரி பல்டி ஆயிடுச்சாம் மேடம், இன்னும் ஒரு மணி நேரம் ஆவும்" என்று டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். அன்று நாம் பார்த்த ஓவியம் உங்களுக்கு நினைவிருக்கும். தொழிற்சாலையில் வரிசையாக நின்று வேலை செய்யும் பெண்கள், எல்லாரும் தலையைக் குனிந்து தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதினாறு பேரும் அதைத் தெய்வீகம் என்றீர்கள். நான் சொன்னேன்:

"அது தப்பு மேடம். லைன்ல நிக்கிற யாரும் கையப் பாக்க மாட்டாங்க. கை அது பாட்டுக்குப் போகும். கண்ணு கடிகாரத்து மேலதான் இருக்கும். வரைஞ்சவரு உள்ள வந்தே பாத்திருக்க மாட்டாரு."

வாய் திறந்தது திறந்ததுதான் என்று, மதியம் போன கடையைப் பற்றியும் சொன்னேன். கிராமத்துப் பொருள்களை அழகுக்கு விற்கிற கடை. அங்கே சுவரில் முறம் மாட்டியிருந்தார்கள். "அந்த மொறத்துல ராகி பொடச்சா பாதி கீழ போயிடும் மேடம். பின்னல் அவ்ளோ இடைவெளி. செவுத்துல மாட்டறதுக்குன்னே பின்னியிருக்காங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, ரசிக்கறதுக்குக் கூட்டிட்டுப் போனா நீ இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிட்டு வர்றியா?" என்றார். வேனே சிரித்தது. சுமதி அக்கா, நீங்களும் சிரித்தீர்கள்.

அடுத்த மாதப் பத்திரிகையை ஓசூர் பஸ் நிலையத்துக் கடையில் நின்றபடியே படித்தேன். வரிசையில் நிற்கும் பெண்களின் கண்கள் கைகளில் இருப்பதில்லை, கடிகாரத்தில் இருக்கின்றன என்று எழுதியிருந்தார். தானியம் தங்காத முறத்தைப் பற்றியும் இருந்தது. எல்லாம் நல்ல தமிழில், மேடம் பெயரில். அவர் எழுதியதிலேயே சிறந்த கட்டுரை அது என்று நீங்கள் குழுவில் மாற்றி மாற்றிப் போட்டீர்கள். அந்த வேனில் உட்கார்ந்து கேட்டவர்கள்தானே நீங்கள்! ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை? வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் மறுக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நீ சொன்னா அது குறை. நான் எழுதினா அது பார்வை. நான் எழுதலேன்னா அது அந்த வேன்லயே செத்திருக்கும், தெரியுமா?"

அது உண்மை. என் பெயரில் யார் போட்டிருப்பார்கள்? அந்த உண்மைக்காகவே அவரை மன்னிக்க மாட்டேன்.

அடுத்த பயணத்தில் எனக்கு மேடத்துக்கு நேர் பின்னால் சீட் கிடைத்தது. வேன் அத்திப்பள்ளியில் நின்றதும் நோட்டைத் திறந்துகொண்டு, "மஞ்சுளா, நீ ஆரம்பி" என்றார். அன்றைய கச்சேரியைப் பற்றி எனக்குச் சொல்ல இருந்தது. அந்தப் பாடகியின் பாட்டில் எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. பிசிறே இல்லாத பீஸ் வந்தால் நாங்கள் இரண்டாவது தடவை எடுத்துப் பார்ப்போம், யாரோ குறையை மறைக்க முன்கூட்டியே அரம் வைத்து ராவி அனுப்பியிருப்பார்கள். இதைச் சொல்லவில்லை. "நல்லாருந்துச்சு மேடம்" என்றேன். பேனா அப்படியே நின்றது. அதற்குப் பிறகு எந்தக் கண்காட்சிக்குப் போனாலும், எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும், எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என்னிடமிருந்து அந்த ஒரு வார்த்தைதான். இரண்டே வருஷத்தில் மேடத்தின் பக்கம் சப்பென்று ஆகிவிட்டது. விளக்குகள் அழகாக இருந்தன, குரல் இனிமையாக இருந்தது என்றெல்லாம் எழுத ஆரம்பித்தார். வயதாகிவிட்டது என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். வயதெல்லாம் இல்லை. நான் நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் வாங்கிப் படித்துச் சந்தோஷப்பட்டேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக மேடத்தைப் பார்த்தது போன மாதம். கட்டிலோடு கிடந்தார். பக்கத்தில் நோட்டு இல்லை. என் கைமேல் தன் கையை வைத்தார். விரல்கள் ஒன்றும் மடங்கவில்லை.

"நம்ம ஊர்லயே பெரிய துணிக்கடை திறந்திருக்காமே. போனியா? என்ன பாத்தே?"

என் கண் நோட்டைத் தேடி மேஜைப் பக்கம் போனது.

"எழுதறதுக்கு இல்லம்மா. கை வராது இனிமே. சும்மா சொல்லு, கேக்கறேன்."

"நல்லாருக்கு மேடம். ஏசி நல்லா போட்டிருக்காங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். "சரி, கிளம்பு. பஸ் போயிடும்" என்றார்.

அந்தக் கடையில் நான் பார்த்தது இதுதான். பில் போடுகிற இடத்தில் ஆளே இல்லை. உடுத்திப் பார்க்கிற அறை வாசலில் மட்டும் பெரிய வரிசை. ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனிப் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டைக் கயிறோடு ஆளுக்கு ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போய் உடுத்தி, போட்டோ எடுத்து, வெளியே வந்து மடித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். கடைக்காரப் பெண்ணைவிட நன்றாக மடிக்கிறார்கள். அவளும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. வாங்க வந்தவர்கள் இல்லை அவர்கள், தாங்கள் எப்படி இருப்போம் என்று ஒரு தடவை பார்க்க வந்தவர்கள். நானும் அந்த வரிசையில் நின்றேன்.

நினைவு மலர் என்றால், மேடத்திடமிருந்து என்ன வைத்திருக்கிறேன் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். அவருக்குக் கொடுக்காத இந்த ஒரு பத்தியை வைத்திருக்கிறேன். எழுத முடியாதவர் கேட்டது, கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவர் மேல் உள்ள கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். இப்போதும் கண்ணில் ஏதாவது பட்டால், இதை யாரிடம் சொல்லலாம் என்று மனசு தேடும்போது, உங்கள் பதினாறு பேரில் ஒருவர் முகமும் வருவதில்லை. அந்த அம்மாவின் முகம்தான் வருகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மு. மஞ்சுளா