ஓநாய்ப் பெண்ணின் சேலை என்னவாயிற்று?

நான் பெரியவளானது ஒரு பௌர்ணமி நாளில். சேதி தெரிந்ததும் அம்மா அழுதாள், தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்று வெட்டப் போனார், நான் என் கையில் முளைத்திருந்த முடியை உற்றுப் பார்த்தேன். கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது.

எல்லாம் ஒரு தொடர்கதை செய்த வேலை. ஐம்பதுகளின் நடுவில் உத்தனப்பள்ளியில் எங்கள் தெருப் பெண்களை அந்தக் கதை ஆட்டிப்படைத்தது. ஜமீன் வீட்டு மருமகள் ஒருத்தி, பௌர்ணமி வந்தால் ஓநாயாகிவிடுவாள். எங்கள் டீச்சர் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வரவழைக்கும் வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. அவர் படித்து முடித்ததும் எனக்குத் தருவார். தெருவில் பாதி வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. தமிழ் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் எங்கள் வாசலில் அவரைக்காய் உரித்தபடி உட்கார, நான் சத்தமாகப் படிப்பேன்.

அவர்களுக்குப் பயமே வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. "சீர ஏமாயெ?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை, முதல் வாரமே. சேலை என்னவாயிற்று என்று கேட்கிறார். ஓநாயாகும்போது கட்டியிருந்த பட்டுச்சேலை கிழிந்ததா, அவிழ்ந்ததா, விடிந்தபின் அதை யார் எடுத்து மடித்தது? எழுதியவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. ஆனால் படத்தில் மட்டும் ஓநாய்க்குக் காதில் தோடு, உதட்டில் சாயம், ஒடுங்கிய இடை.

"ஓநாய்க்கு இடுப்பு என்னாத்துக்குடீ? எழுதனவன் ஆம்பளதான்" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார்.

இன்னொரு வாரம் மாமியார் அவளை மாட்டுக் கொட்டகையில் பூட்டினாள். நான் குரல் நடுங்கப் படித்தேன்.

"மாசத்துக்கு ஒரு நாள்தானே? நம்மள மூணு நாளு வெளிய உக்கார வெக்கறாங்க. குடுத்து வெச்சவ!" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்த சிரிப்பில் முறம் கவிழ்ந்து அவரைக்கொட்டை சிதறியது.

இத்தனையும் படித்திருந்த எனக்கு, பௌர்ணமியன்று அது நடந்தால் என்ன தோன்றும்? மாமன் கட்டிய ஓலைக் குடிசையில் தனித் தட்டு, தனிச் சொம்போடு என்னை உட்காரவைத்தார்கள். காற்று கருப்பு அண்டாமலிருக்க வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டார்கள். உள்ளே இருப்பது வெளியே பாயாமலிருக்க என்றுதான் நான் புரிந்துகொண்டேன். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி என்று அம்மா தந்துகொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் விழுங்கிய பிறகும் பசித்தது. தெருநாய் குரைத்தபோது எனக்கும் பதில் குரல் கொடுக்கத் தோன்றுகிறதா என்று கவனித்தேன். தோன்றவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நிஜமான பயம் நாலாம் நாள் வந்தது. டீச்சர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். எப்போது பள்ளிக்கூடம் அனுப்புவீர்கள் என்று அப்பாவைக் கேட்டார்.

"பெரிய பொண்ணாயிட்டாளே டீச்சர். ஏழாவது வரைக்கும் படிச்சது போதுங்க" என்றார் அப்பா.

ஓலை இடுக்கில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகை முட்டியது. டீச்சர் வாதாடவில்லை. பத்திரிகையை அம்மாவிடம் கொடுத்தார். "இந்த வாரக் கதை இருக்கு. அடுத்த வாரத்துது வேணும்னா அவளே பள்ளிக்கூடத்துக்கு வந்து வாங்கிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரு கூடிவிட்டது. ஆனால் தீட்டுக்காரி காகிதத்தைத் தொடக் கூடாது, சரஸ்வதி குற்றம். அரைமணி நேரம் சண்டை போட்டு அத்தைதான் ஒரு வழி கண்டுபிடித்தார். தொடத்தானே கூடாது, பார்க்கலாமே! அம்மா உலக்கைக்கு அந்தப் பக்கம் நின்று பத்திரிகையை என் பக்கமாக விரித்துப் பிடித்தாள், முதலில் தலைகீழாக. நான் "ம்" என்றால் பக்கத்தைப் புரட்டுவாள். படம் வந்தால் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்வாள். மற்றவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள்.

கடைசிப் பக்கத்தில் புருஷன் அவளைச் சுட்டுவிட்டான். ஓநாய் மறுபடி அழகியாகி, அவன் காலடியில் விழுந்து, மன்னிப்புக் கேட்டுச் செத்தாள். சேலை கசங்கவே இல்லை. அரைப்பக்கத்துக்குப் படம், அதன் அடியில் 'முற்றும்'.

எனக்கு வந்ததே கோபம்! அவள் யாரைக் கடித்தாள், மன்னிப்புக் கேட்க? அதோடு, கதை முடிந்தால் பத்திரிகை யாருக்கு வேண்டும்? பத்திரிகை வேண்டாமென்றால் நான் பள்ளிக்கூடம் போக யார் கேட்பார்கள்?

"குண்டு குறி தப்பியது" என்று படித்தேன். "அவள் சானமாவுக் காட்டுக்குள் பாய்ந்தாள். அங்கே அவளைப் போலவே ஏழு பெண்கள், சேலைகளை மடித்து மரக்கிளையில் போட்டுவிட்டு, அவளுக்காகக் காத்திருந்தார்கள். தொடரும்."

கதையில் வந்த ஜமீன் எப்படி எங்கள் ஊர்ப் பக்கத்துச் சானமாவுக் காட்டுக்கு அருகில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"அப்பாடி, சீலய மடிச்சி வெச்சிட்டாங்க!" என்று அத்தைக்குப் பரம திருப்தி. "ஏம்மா, என்னா படம் போட்டிருக்கான்? இப்டி குடு" என்று கையை நீட்டினார்.

அம்மா தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தாள். துப்பாக்கியோடு நிற்பவனையும் கீழே கிடப்பவளையும் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் பத்திரிகையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்த வாரம் படம் போடல" என்றாள்.

அப்படியே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, தண்ணி ஊத்தனதும் இவ பள்ளிக்கூடம் போவணும். கதை இன்னும் முடியல."

கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல பசியோடு பார்ப்பது போலிருந்தது.

"போவட்டும், போவட்டும்" என்றார் அப்பா, மாட்டுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டே.