பதினோராம் நம்பர் ஊசியின் முனை

ரங்கசாமி அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, அனுப்பர்பாளையத்துப் பேக்கரியில் நான் ஒரு தேங்காய் பன்னோடு யுத்தம் செய்துகொண்டிருந்தேன். போனில் நம் பனியன் கம்பெனி டெய்லர் மாரியம்மாள். "மாமா, செக்கிங் அண்ணன் தவறிட்டாருங்க." பன்னைத் தட்டிலேயே வைத்தேன். அவரோடு வேலை பார்த்த உங்களிடம் மறைப்பானேன்? முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி. என்னைப் பற்றி அந்த ஒன்று தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார் என்ற நிம்மதி. அடுத்த நொடியே அந்த நிம்மதியைப் பார்த்துப் பயம் வந்தது. பயம் இன்னும் போகவில்லை.

தைத்து வந்த உருப்படிகளைச் சோதித்துப் பாஸ் பண்ணுவதுதான் அண்ணன் வேலை; அவரைப் பற்றி நான் விட்ட புளுகுகள் ஊரறிந்தவை. முதலிபாளையத்தில் நின்றபடி பெருமாநல்லூரில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பார் என்பேன். எமனே வந்தாலும் அவன் சட்டையைத் திருப்பி உள்தையல் பார்த்த பிறகுதான் கூடக் கிளம்புவார் என்பேன். அவர் சிரிக்கமாட்டார். "வெளிப்பக்கத்த எல்லாரும் பாப்பாங்க தம்பி. உள்பக்கம் திருப்பாம எதையும் பாஸ் பண்ணாதீங்க" என்பார்.

நம் தையல் லைனில் மெஷின் ஊசி உடைந்தால் என்ன சட்டம்? துண்டுகளையெல்லாம் பொறுக்கி, தாளில் முழு ஊசியாகச் சேர்த்து ஒட்டி, அண்ணனிடம் காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். ஒரு நாள் கைக்குழந்தைச் சட்டை ஓடிக்கொண்டிருந்தது. நான் சூப்பர்வைசர், அதாவது அந்த லைனுக்குச் சக்கரவர்த்தி. மாரியம்மாள் மெஷினில் ஊசி உடைந்தது; முனை மட்டும் கிடைக்கவில்லை. மாலைக்குள் சரக்கு போயாக வேண்டும். டப்பாவில் கிடந்த வேறொரு ஊசியின் முனையை ஒடித்து ஒட்டி, ராஜநடையில் கொண்டுபோய் நீட்டினேன்.

அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஏனுங்க தம்பி, ஒடம்பு பதினோராம் நம்பரு. மூக்கு மட்டும் பதினாலுங்களா?"

நம்பர் என்பது ஊசியின் தடிமன்; அதைப் பார்க்காமல் ஒட்டிய என் சாம்ராஜ்யம் சரிந்தது. "மேனேஜர்கிட்டச் சொல்லிராதீங்கண்ணா."

"அவருகிட்டச் சொல்றது கெடக்கட்டும். போட்டுக்கப்போற கொழந்தைகிட்ட என்னங்க சொல்லுவீங்க?"

முனை கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லி லைனை நிறுத்தினார். இருவரும் தரையில் உட்கார்ந்து, முனையைத் தேடிச் சட்டை சட்டையாக விரலால் நீவினோம். சட்டைகள் இமயமலை உயரம். என் பயம் அதற்கு மேல் ஒரு முழம். கடைசியில் ஒரு கழுத்துப்பட்டியின் மடிப்புக்குள், பிஞ்சுத் தொண்டைக்கு நேராக, முனை இருந்தது. இதில் மிகைப்படுத்த எனக்கு ஒன்றுமில்லை.

"நான் மனுசனே இல்லீங்கண்ணா" என்றேன்.

"மனுசன்தானுங்க. அதுதானே பயமே" என்றார். பிறகு, சட்டைகளை மடித்துக்கொண்டே, மெல்லச் சொன்னார். இள வயசில் வேறொரு கம்பெனியில் அவரும் இதேபோல் ஒரு பொய் முனையை ஒட்டியிருக்கிறார். "எனக்குக் கெடைக்கல தம்பி. தேடவே இல்லியே, எப்படிக் கெடைக்கும்? பொட்டி போயிருச்சு. அன்னைக்குக் கெட்ட எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சோத்துக்குப் பெல் அடிச்சுருச்சு, பசி. அவ்வளவுதான்."

எந்தக் குழந்தையைக் கண்டாலும் அண்ணன் தூக்கி வைத்துக்கொண்டு, அதன் சட்டையை விரலால் நீவிக்கொண்டே இருப்பாரே, நினைவிருக்கிறதா? "அண்ணனுக்குக் கொழந்தைன்னா உசுரு" என்று நாம் சொல்லுவோம். உசுருதான், பொய்யில்லை. ஆனால் அந்த விரல்கள் ஆயுசு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தன.

இதை எழுதலாமா என்று மூன்று நாளாகப் புரண்டேன். போனவரைப் பற்றி இப்படியா என்று நீங்கள் கோபிக்கலாம். வெளிப்பக்கத்தை மட்டும் காட்டி அவரை வழியனுப்பினால், அந்த அஞ்சலியை முதல் ஆளாகத் திருப்பி அனுப்புகிறவர் அவராகத்தான் இருப்பார். மாரியம்மா, அன்று உன் மெஷினில் உடைந்த ஊசிக்கு நான் ஒட்டியதும் பொய் முனைதான். இத்தனை வருசம் உன்னிடம் சொல்லவில்லை.

எடுக்கும் முன் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மாலை போடப் போன மாரியம்மாள், தன் பேத்தியை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். புதுச் சட்டை. என் விரல்கள் தாமாகவே கழுத்துப்பட்டிக்குப் போயின. மடிப்பு, ஓரம், தோள் தையல், மறுபடியும் கழுத்து.

"மாமாவுக்குக் கொழந்தைன்னா உசுரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அண்ணனிடமிருந்து எனக்கு வந்த சொத்து இந்த விரல்கள்தான். "ஆமாங்க" என்றேன். கையை எடுக்கவில்லை.