சொலேயாவுக்குத் தட்டிய சுவர்

பீளமேட்டில் நாங்கள் குடியிருந்தது ஆறு வீடுகள் ஒட்டிக் கட்டிய ஒரு வரிசையில் ஐந்தாவது வீடு. எனக்கு அப்போது பதினொரு வயது. அந்தத் தெருவிலேயே ஃபிளமெங்கோ கித்தார் வாசிக்கிற ஒரே ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

எல்லாம் என் தாய்மாமாவால் வந்தது. அவர் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிறவர். கம்பெனி அவரை நான்கு மாதப் பயிற்சிக்கு ஸ்பெயினுக்கு அனுப்பியது. இரண்டு பாட்டில் ஊறுகாயோடு போனவர், ஒரு கித்தாரோடும் ஒரு புத்தகத்தோடும் திரும்பி வந்தார். அங்கே ஓர் உணவகத்தில் இந்த வாசிப்பைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வராமல் வாங்கிவிட்டாராம். "கிரீஸ் ஏறுன வெரலுக்கு இது வராது கண்ணு, நீ வாசி" என்று என் மடியில் வைத்துவிட்டார்.

ஆர்.எஸ்.புரத்தில் சனிக்கிழமை தோறும் கித்தார் வகுப்புக்குப் போனேன். அங்கிருந்த சாருக்கு இந்த வகை வாசிப்பு தெரியாது. ஆனாலும் தடுக்கவில்லை. புத்தகத்தையும் அம்மாவின் போனில் கிடைத்த வீடியோக்களையும் வைத்துக்கொண்டு தொடக்கநிலைப் பாடங்களை இரண்டு வருடத்தில் முடித்தேன். ஆண்டுவிழாவுக்குப் புத்தகத்தின் இடைநிலைப் பகுதியிலிருந்து இரண்டு உருப்படிகள் வாசிக்கலாம் என்றார் சார். அந்தப் பகுதியில் பத்து இருந்தன. எந்த இரண்டு என்பதுதான் கேள்வி.

வீட்டில் ஆளுக்கொரு கட்சி. "கேக்கறவீங்களுக்குக் காலு தானா ஆடோணும்" என்று அப்பா ரும்பா பக்கம் நின்றார். மாமாவுக்கு ஃபருக்கா. ஏன் என்று கேட்டால் பேர் நன்றாக இருக்கிறது என்றார். அம்மா, எது சத்தம் குறைவோ அது என்றார். நான் ஒவ்வொன்றையும் இரண்டு நாள் வாசித்துப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

பள்ளி விட்டு நாலரைக்கு வருவேன். அப்பாவும் அம்மாவும் வர ஆறரை ஆகும். பின்னறையில், ஆறாம் வீட்டோடு ஒட்டிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாசிப்பேன். ஆறாம் வீட்டில் ஒரு கல்லூரி அலுவலரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இருவரும் காலையில் பூட்டிவிட்டுப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். முன்பு அலுவலரின் தங்கையும் அங்கே இருந்தார். கல்யாணமாகிப் போய், ஒரே வருடத்தில் திரும்பி வந்தவர். பிறகு காணவில்லை. கேட்டால் சத்தியமங்கலத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள்.

ரும்பா வாசித்த இரண்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஃபருக்காவுக்கும் அப்படியே. மூன்றாவதாகச் சொலேயாவை எடுத்தேன். நிதானமானது, ஆனால் தாளம் கடினம். பன்னிரண்டு எண்ண வேண்டும். மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்ற இடங்களில் அழுத்தம். எனக்கு எட்டில் எப்போதும் தவறிவிடும். அதனால் வாயால் எண்ணிக்கொண்டே, அழுத்தம் வரும் இடங்களில் கித்தாரின் பலகையில் தட்டிப் பழகினேன்.

இரண்டாம் நாள், நான் தட்டிய பிறகு சுவரும் தட்டியது.

மெதுவாக, விரல் முட்டியால் தட்டுவது போல. நான் நிறுத்தினேன். அதுவும் நின்றது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எதிரொலி பழகிக்கொள்ளாது. அந்தச் சுவர் பழகிக்கொண்டது. தட்டத் தொடங்கிய அன்று என்னைப் போலவே எட்டைத் தவறவிட்டது. இரண்டு நாள் கணக்கை மறந்து நான் சொலேயாவிலேயே நின்றுவிட்டேன்; நான்காம் நாள் அது எனக்கு முன்னாலேயே சரியாகப் பிடித்துவிட்டது.

ஒரு நாள் வேண்டுமென்றே ஏழில் கையை எடுத்துவிட்டேன். அறை அமைதியாக இருந்தது. எட்டு, பத்து, பன்னிரண்டு என்று மூன்று தட்டு தட்டிச் சுற்றை முடித்துவைத்தது சுவர். செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன். ஆறாம் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் நன்றாகவே இருந்தது. தெருவில் ஐஸ்கிரீம் வண்டி போய்க்கொண்டிருந்தது.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டுக் குழாயை மூடினார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வந்ததும் வாசலில் வைத்துக் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, பகல்ல உங்கூட்டுல யாராச்சும் இருக்கறாங்ளா? பாப்பா என்னமோ சத்தம் கேக்குதுங்கறா."

"பூட்டுன ஊட்டுல யாருங் அம்மணி இருப்பாங்க? பெருச்சாளியா இருக்கும்ங்க. மருந்து வெச்சுபோடறேன்" என்று சிரித்தார். என் தலையைத் தடவி, ஒரு கடலைமிட்டாய் கொடுத்தார். மிகவும் மரியாதையானவர்.

அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் சுவர் பேசவில்லை. பிறகு ஒரு நாள் மறுபடி ஆரம்பித்தது. முன்னைவிட மிக மெதுவாக, காதை வைத்தால்தான் கேட்கும்படி. இந்த முறை நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம் இருந்தது. ஆனால் அது தட்டும்போது எனக்கு எட்டு தவறவில்லை. சனிக்கிழமை வகுப்பில் சார், "தாளம் எப்படிம்மா திடீர்னு கைக்கு வந்துச்சு?" என்று கேட்டார். அப்போதே முடிவுசெய்துவிட்டேன். ஒன்று சொலேயா. மற்றது அப்பாவுக்காக ரும்பா.

விழாவுக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை. கதவைத் திறந்து பின்னறைக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை, சுவர் தட்டியது. கித்தார் இன்னும் உறைக்குள்தான் இருந்தது. தட்டல் வழக்கமான உயரத்தில் இல்லை. கீழே, தரையை ஒட்டிக் கேட்டது. முட்டித் தட்டாகவும் இல்லை. உள்ளங்கையால் அடிப்பது போல இருந்தது. கித்தாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். மூன்றில் விழவில்லை, ஆறிலும் விழவில்லை. இரண்டு சுற்று எண்ணிப் பார்த்தேன். வேகமாக நான்கைந்து, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, மறுபடி வேகமாக. இதுவரை என்னைத் திருத்திய சுவர் என்னை விரட்டுகிறது என்று தோன்றியது. கித்தாரைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடி, நடுக்கதவைச் சாத்தித் தாழிட்டேன். ரும்பாவை எவ்வளவு சத்தமாக வாசிக்க முடியுமோ அவ்வளவு சத்தமாக வாசித்தேன். அம்மா வரும்வரை வாசித்தேன்.

ஏழு மணிக்கு ஆறாம் வீட்டுக்காரரின் மனைவி அலறுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. தெருவே வாசலில் நிற்க, உள்ளிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பகல் வெளிச்சம் படாத தோல் மெழுகு நிறத்தில் இருந்தது. ஒரு கால் தவறான பக்கம் திரும்பியிருந்தது. சத்தியமங்கலத்தில் இருப்பதாகச் சொன்ன தங்கைதான் அது. குளியலறையில் வழுக்கி விழுந்து, எங்கள் பின்னறைச் சுவர் வரைக்கும் நகர்ந்து வந்திருக்கிறார். புகுந்த வீட்டில் பட்டது அவர் மனதைக் கலைத்து, பேச்சையும் நிறுத்திவிட்டதாம். வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கு அவமானம் என்று இரண்டு வருடமாக உள்ளேயே வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் எல்லோருக்கும் பாதி தெரிந்திருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

அவருக்குக் கால் எலும்பு கூடிவிட்டது. ஆனால் சற்று இழுத்துத்தான் நடக்கிறார் என்று கேள்வி. சில மாதங்களில் அவர்கள் வீட்டைக் காலிசெய்துவிட்டார்கள். விழாவில் நான் ரும்பாவும் ஃபருக்காவும் வாசித்தேன். அப்பா சொன்னபடியே எல்லோருக்கும் கால் ஆடியது.

அன்று ஆம்புலன்ஸ் போன பிறகு அம்மா என்னைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். விளக்குகூடப் போடவில்லை.

"இன்னிக்கு எதாச்சும் சத்தம் கேட்டுச்சா கண்ணு?"

"கேட்டுச்சும்மா. நான் வந்ததுலருந்தே."

"நீ என்ன பண்ணுன?"

"எண்ணிப் பார்த்தேன். தாளமே சரியா இல்ல. அதான் முன்னாடி போய் ரும்பா வாசிச்சேன்."

அம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். நான் அவ்வளவு சத்தமாக வாசித்ததால்தான் அழுகிறார் என்று நினைத்து, இனிமேல் மெதுவாக வாசிக்கிறேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.