எதிர்க்கடை அன்பு வாங்கிய கேசட்

பாட்டு கேட்க மாதாமாதம் பணம் கட்டும் ஒரே ஆள் விழுப்புரத்திலேயே நான்தான் என்று மகன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் புது இயர்போனின் கண்ணாடித்தாளைக் கிழித்தேன். அந்த பிளாஸ்டிக் வாசனை என்னைத் திண்டிவனத்துக்கு இழுத்துப் போனது.

அங்கே அப்பா ஒரிஜினல் கேசட் மட்டும் விற்றார். எதிரில் அன்பு அண்ணனின் ரெக்கார்டிங் கடை. ஊரே காலி கேசட்டை அவரிடம் கொடுத்துப் பாட்டு பதிந்துகொண்டது. பதிவதற்கு அவருக்கும் ஒரு ஒரிஜினல் வேண்டுமே, அதை அப்பாவிடம்தான் வாங்குவார். எங்களுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

"திருடனுக்கே வித்துக்கினு இருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்பாள் அம்மா.

"அவனும் வாங்கலன்னா யாருக்குடி விக்கறது?"

அன்பு அண்ணன் வந்தால் அப்பா டீ சொல்லி, கேசட்டின் கண்ணாடித்தாளைத் தானே கிழித்துத் தருவார். அந்தத் தாளை நான் நாளெல்லாம் முகர்ந்துகொண்டு திரிவேன். வியாபாரத்தில் எங்கள் குடும்பம் கண்ட லாபம் அதுதான்.

ஒரு தீபாவளிக்குப் புதுப்படக் கேசட் வந்தும் அன்பு அண்ணன் வரவில்லை. சாயங்காலம் அப்பாவே அதை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"வாணாம்ண்ணே. ஒரே சிடில நூறு பாட்டு வந்துடுது."

"ஒருவாட்டி போட்டுத்தான் கேளேன்ப்பா," என்று அப்பா கெஞ்சினார். அந்த மாதமே கடையை மூடினோம்.

பேரனின் சிரிப்பைக் கேட்டு, எங்கள் விழுப்புரம் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்த அப்பா இப்போது கேட்டார்: "எல்லாரும் காசு கட்டித்தான் கேக்கறாங்களாடா?"

அவர் மனம் நோகக்கூடாதே என்று, "ஆமாம்ப்பா, எல்லாரும்தான்," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அப்ப நம்மகிட்ட மட்டும் ஏன்டா வாங்கல?"