கூழுக்கு எடுத்த குளத்துத் தண்ணீர்

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகே எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர் அப்பளசாமி. கடைசி லயத்தில் தனியாக இருந்தார். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கொடுக்கும் முன், லயங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் குளத்துக்குப் போவார். மெல்லிய மல் துணியில் தைத்த வலையை நீருக்குள் எட்டு வடிவில் சுழற்றி இழுப்பார். கடுகைவிடச் சிறிய நீர்ப்பூச்சிகள் அதில் வரும். கோலசிலாங்கூரில் மீன் பண்ணை வைத்திருந்த தவுக்கே ஒருவர் குஞ்சுகளுக்குத் தீனியாக வாங்கிக்கொள்வார்.

வலையைப் பார்த்தே குளத்தின் நிலையைச் சொல்வார். பூச்சி பெருத்து, முதுகில் முட்டையோடு இருந்தால் தண்ணீர் நல்லது. குறைந்திருந்தால் மேட்டிலிருந்து ஏதோ கலந்திருக்கிறது. பிறகு நான் படித்த மலாய்ப் பள்ளியில் ஆசிரியை அவற்றுக்கு சூபிளாங்க்டன் என்று பெயர் எழுதினார். அவற்றை எண்ணித்தான் குளத்தின் நலத்தை அறிவார்கள் என்றார். எனக்கு முன்பே தெரியும் என்று நான் கை தூக்கவில்லை.

1984 ஆடியில் குளம் பச்சை பிடித்துக் கிடந்தது. இந்தத் தண்ணீரிலா அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது என்று லயத்தார்தான் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீரனிடம் முறையிட்டார்கள். அவர் பாசியைக் கொல்ல மயில்துத்தம் வாங்கி வந்து அளவு பார்க்காமல் கரைத்தார். நான்காம் நாள் அடிமண் தெரிந்தது. எல்லோரும் மண்டோரைப் புகழ்ந்தார்கள். எங்கள் வீட்டிலும் அதைத்தான் குடித்தோம்.

அப்பளசாமியின் வலை மூன்று காலை வெறுமையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூழுக்குக் குடங்களை நிரப்பி வைத்திருந்தார்கள். அப்பளசாமி அங்கே வந்தார்.

"இந்தத் தண்ணி வேணாம் மண்டோர். பூச்சி பூராவும் செத்துப்போச்சு."

"பூச்சி சாகத்தானய்யா மருந்து போட்டேன்! தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குலா, கண்ணு தெரியலயா?" என்றார் வீரன்.

"மீன் தீனி போச்சுன்னு அண்ணனுக்கு வயித்தெரிச்சல்," என்றார் பக்கத்து லயத்துத் தங்கமணி அக்கா. "ஆத்தா கூழைவிட தவுக்கே மீனு பெருசா அண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் வீட்டுக்குப் போய் ஓர் ஊறுகாய்ப் போத்தலோடு திரும்பினார். துத்தம் போடும் முன் பிடித்த பூச்சிகள் மழைத் தண்ணீரில் உயிரோடு இருந்தன. குளம் தேறியதும் மறுபடி விட்டுப் பெருக்குவதற்கு அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

குடத்திலிருந்து ஒரு கிளாஸ் மொண்டார். போத்தலை வடிகட்டி எல்லாவற்றையும் அதில் போட்டார்.

வீரனின் மருமகள் கங்கா நிறைமாதமாக இருந்தாள். "கொஞ்சம் வச்சுக்கங்க மாமா," என்றாள்.

"கொஞ்சமா செத்தா நம்பமாட்டாங்கம்மா."

பூசை முடியட்டும், பார்க்கலாம் என்று வீரன் சிரித்தபடி விட்டுவிட்டார். உடுக்கை அடித்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். கிளாஸில் துள்ளியவை ஒவ்வொன்றாக நின்றன. பூசை முடிந்தபோது அடியில் மாவு போலப் படிந்திருந்தன.

"பூச்சிதானே," என்றார் வீரன். யாரும் சிரிக்கவில்லை. கங்கா எழுந்து முதல் குடத்தைக் கவிழ்த்தாள். பிறகு மற்றவர்களும் கவிழ்த்தார்கள்.

சாலைக் குழாயிலிருந்து லோரியில் தண்ணீர் வந்தது. கூழ் காய்ச்சும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அப்பளசாமியும் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை பெரட்டுக்கு அரைமணி நேரம் முன்பே வந்து நின்றார். பூச்சியில்லாத குளத்தை விட்டால், அதற்கு முன் போவதற்கு அவருக்கு வேறு இடம் இல்லை.