ஒயர் மாற்றாத வருஷம்

எங்கள் மைக்செட்டில் முதலில் இருந்தது ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் ஒரு குழாய் ஸ்பீக்கரும்தான். அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. நானும் என் மனைவியின் தம்பியும் பெரம்பலூரில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்துத் தொழில் தொடங்கினோம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எது வந்தாலும் இரண்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு போவோம்.

மொத்தமாக வாங்க வழியில்லை. முகூர்த்தமெல்லாம் ஓய்ந்ததும் திருச்சிக்குப் பஸ் ஏறி ஒரே ஒரு சாமான் வாங்கி வருவோம். ஒரு வருஷம் இரண்டாவது குழாய். அடுத்த வருஷம், யாரோ வேண்டாமென்று கழித்த மைக். இசைத்தட்டு போய் கேசட் வந்தபோது எங்களுக்கென்று ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கவே ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் ஜனங்கள் பெட்டி ஸ்பீக்கர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"மாமா, மொதல்ல ஒயர மாத்திருவோம். எங்க தொட்டாலும் ஒட்டுப் போட்டதாத்தான் இருக்கு," என்றான் மச்சினன். ஒயர் இழுப்பது அவன் வேலை.

"ஒயர யாரு மாப்ள பாக்கப் போறா? பெட்டி இருக்கான்னுதான் கேக்குறாங்க. இந்தத் தடவ பெட்டி, அடுத்த தடவ ஒயரு."

இரண்டு பெட்டி வாங்கினோம்.

பெட்டி வந்தபின் பிடித்த மூன்றாவது கல்யாண வேலை ரெட்டிபாளையத்தில், சிமெண்ட் ஆலைத் தொழிலாளி ஒருவர் வீட்டில். விடியற்காலை பெய்த மழையில் பந்தல் தரை சொதசொதவென்று கிடந்தது. வந்தவர்கள் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "டவுன் செட்டு மாதிரில்ல இருக்கு," என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தேன்.

தண்ணீரில் கிடந்த ஒயரைத் தூக்கி மேலே கட்டப் போயிருக்கிறான் மச்சினன். கத்தினானா என்று எனக்குத் தெரியாது. பெட்டி போட்ட சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சமையல்காரர் ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் திருப்பிய பிறகுதான் பார்த்தேன். ஒயரைப் பிடித்தபடி சேற்றில் துடித்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய் பியூஸைப் பிடுங்கினேன்.

உயிர் தப்பியது. திருச்சி ஆஸ்பத்திரியில் வலது கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

வராந்தாவில் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஒயரப் பத்தி அவன் ஒங்ககிட்ட சொன்னானா?"

"சொன்னான்."

அதன்பின் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம்.

செட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றப் போனேன். மச்சினன் தன் மனைவியோடு அரும்பாவூருக்கு, மாமனார் வீட்டோடு போய்விட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். மிச்சமிருந்த இரண்டு விரலில் சோறு நிற்காமல் தட்டில் விழுந்துகொண்டே இருந்தது. அவன் மனைவி எழுந்து உள்ளே போனாள்.

"மாப்ள, என்னாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க மாமா. பெட்டி வந்தன்னைக்கு நானுந்தான் சந்தோஷப்பட்டேன்."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வீட்டுக்கு அப்புறம் நான் போகவே இல்லை.