தண்ணீர் குடிக்காத இசக்கி

ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே வேலை செய்யும் இசக்கி, பிரசவ லீவு முடிந்து வந்த சில நாட்களில் அசெம்பிளி லைனிலேயே மயங்கி விழுந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். வல்லம் வடகாலில் கணவன், கைக்குழந்தை, மாமியாரோடு வாடகை வீடு.

ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்குத் தூக்கி வந்தார்கள். உதடு காய்ந்திருந்தது. ஓ.ஆர்.எஸ். கொடுத்தேன்.

"காலையிலேர்ந்து தண்ணி குடிச்சியா?"

"இல்ல சிஸ்டர்."

"பால் குடுக்குற பொண்ணு, தண்ணி குடிக்காம இருக்கலாமா?"

கதவைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சாத்தினேன்.

"இருமுனாலே ஒண்ணுக்குப் போயிருது சிஸ்டர். பெட்டியத் தூக்குனாலும் அப்படித்தான். சுத்தி ஆம்பளைங்க நிக்காங்க. வேலைய விட்டுரலாம்னு இருக்கேன்."

"வீட்ல சொன்னியா?"

"அத்தைட்ட சொன்னேன். புள்ள பெத்தா அப்படித்தான் இருக்கும்னுட்டாவ."

மகப்பேறு டாக்டரிடம் அனுப்பினேன். பிரசவத்தில் இடுப்படித் தசை தளர்ந்திருக்கிறது, பயிற்சியில் சரியாகும் என்றார் அவர். அதுவரை பாரம் தூக்கக் கூடாதென்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை லஞ்ச் நேரத்தில் என் அறைக் கட்டிலில் செய்தாள். முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை விட்டபடி, சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்க வேண்டும். பிறகு முழுவதும் தளர்த்த வேண்டும். இருமுவதற்கும் தூக்குவதற்கும் முன்னால் அதே இறுக்கம். வயிற்றைக் குறைக்கவென்று இறுக்கிக் கட்டியிருந்த துணி அந்தத் தசையைக் கீழே அழுத்தும் என்று அவிழ்க்கச் சொன்னேன்.

டாக்டர் சீட்டோடு சூப்பர்வைசர் தனபால் வந்தார், பென்னலூர்க்காரர்.

"இன்னா சிஸ்டர், ஆளாளுக்கு சீட்டு குடுத்துகினே இருந்தா லைன் ஓட வாணாமா?"

"டாக்டர் எழுதுனது சார். கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்காத வேலையா போடுங்க. இல்லன்னா, பழகின ஆள் வேலைய விட்டே போய்டும்."

"அதுக்கு இன்னாதான் பிரச்சன?"

"அது அவ உடம்பு விஷயம். உங்களுக்கு வேண்டியது சீட்டுல இருக்கு."

சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். இசக்கியை, வயரைச் சோதிக்கும் டெஸ்டிங் வேலைக்கு மாற்றினார்.

ஆனால் வாரங்கள் போயும் பலனில்லை. "எனக்கு இது சரியாவாது சிஸ்டர்" என்று அழுதாள். செய்து காட்டச் சொன்னேன். இறுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதைத் திருத்தினேன். மழைக்காலம் முடிவதற்குள் பயமில்லாமல் இருமினாள். பாட்டிலில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தாள்.

ஒருநாள் பேக்கிங்கில் வேலை செய்யும் பெண் ஒருத்தியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். "இவளுக்கும் அதேதான் சிஸ்டர். சொல்ல வெக்கப்படுதா."

அவர்களாக வந்து சொல்லட்டும் என்று இப்போது நான் காத்திருப்பதில்லை. பிரசவ லீவு முடிந்து வரும் ஒவ்வொருத்தியிடமும் கதவைச் சாத்திவிட்டு, இருமினால் சிறுநீர் கசிகிறதா என்று நேராகக் கேட்டுவிடுகிறேன். முதலில் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அடுத்த வாரம் மறுபடியும் கேட்பேன்.